பின்னால் நடந்தவர்

சுடுகாட்டுப் புளியமரத்தடியில் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். செங்கோடன் சட்டையைக் கழற்றிக் கிளையில் போட்டுவிட்டு, அவர் முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"தண்ணி தொடுங்க."

கிண்ணத்தில் விரலை நனைத்த நாவிதர் அப்படியே நிறுத்திவிட்டு நல்லண்ணனைப் பார்த்தார். நல்லண்ணன், செத்துப்போன சடையனுக்கு அண்ணன். காலையிலிருந்து எல்லாக் காரியத்தையும் அவர்தான் நின்று நடத்திக்கொண்டிருந்தார்.

"எந்திரி சாமி. எம் பையன் கொள்ளி வெப்பான். நீ தோள் குடுத்தயே, அது போதும்."

"நான்தானுங்க வெக்கோணும்."

"பெத்த அப்பன் உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தருக்கு மொட்டையடிச்சுக் கொள்ளி வெப்பாங்களா? பெத்தவனை நீயே சாவடிச்ச மாதிரி ஆயிப்போவும். அதும் அந்த மனுசன் இங்கயே வந்து நிக்கறப்ப!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாரியப்பன் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றிருந்தார். எழவுச் சேதி எப்படித்தான் நாமகிரிப்பேட்டை வரை போனதோ, முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். செங்கோடன் நடை பழகும் முன்பே அவன் அம்மா பாப்பாயியை விட்டுவிட்டுப் போனவர். அதே மூக்கு, அதே நெற்றி. பார்த்த எவரும் அப்பனும் மகனும் என்று சொல்லிவிடுவார்கள். செங்கோடனுக்கு அதுதான் ஆத்திரமாக இருந்தது. முகத்தைக் கொடுத்துவிட்டால் ஆயிற்றா?

சடையன் லாரியில் மூட்டை ஏற்றும் ஆள். பாப்பாயியைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து பையனைத் தோளைவிட்டு இறக்கியதில்லை. வளர்ந்ததும், "நீயும் மூட்டை தூக்க வேண்டாஞ்சாமி, ஸ்டேரிங்கப் புடி" என்று டிரைவர்கள் பின்னாலேயே அலைந்து வண்டி ஓட்டப் பழக்கிவைத்தார். செங்கோடன் முதன்முதலாக ஏற்காட்டு மலைக்கு லோடு கொண்டுபோன அன்று அவரும் கூடவே ஏறிக்கொண்டார். பிரேக் சொன்னபடி கேட்காத பழைய வண்டி. சக்கரத்துக்குப் போடும் கட்டையைத் தூக்கிக்கொண்டு சடையன் கீழே குதித்தார். வண்டி திணறி நின்ற இடத்திலெல்லாம் ஓடிவந்து கட்டை போட்டார். வளைவுக்கு வளைவு அந்தக் குரல் கூடவே வந்தது.

"திரும்பிப் பாக்காத சாமி! ரோட்டப் பாத்து ஓட்டு. பின்னால நான் இருக்கறேன்!"

மேலே போய்ச் சேர்ந்தபோது செருப்பில்லாத அவர் கால் இரண்டும் கிழிந்து ரத்தமாக இருந்தது. அதைக் காட்டாமல் வண்டிக்கு அந்தப்பக்கம் போய் நின்று பீடி பற்றவைத்தார், மகராசன்.

செங்கோடன் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"பெரீப்பா, நீங்க சொல்ற முறையெல்லாம் எனக்கும் தெரியுமுங்க. எங்கப்பன் பாடையில படுத்திருக்காரு. எனக்கு வேற அப்பன் கெடையாது."

நல்லண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"நான் வேண்டாங்கல சாமி. பெத்தவன் ஒரு வார்த்தை சொல்லட்டும்."

கூட்டம் விலகி வழிவிட்டது. மாரியப்பன் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மெதுவாக முன்னால் வந்தார். பாடையைப் பார்த்தார். பிறகு குனிந்து, நாவிதர் பக்கத்திலிருந்த கிண்ணத்தை எடுத்துச் செங்கோடன் தலையில் அவரே தண்ணீரை ஊற்றினார்.

"எடுங்க," என்றார் நாவிதரிடம்.

செங்கோடன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். தலையைக் குனிந்து கொடுத்தான். கத்தி இறங்கியது.

தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துச் சிதையைச் சுற்றி வந்தான். சுற்றுக்குச் சுற்று நல்லண்ணன் குடத்தில் ஓட்டை போட்டார். தண்ணீர் முதுகில் வழிந்தது. குடம் பின்னால் விழுந்து உடைந்ததும் கொள்ளியைக் கையில் கொடுத்தார்.

"கையப் பின்னால நீட்டி வெச்சுப்போட்டு, அப்படியே போயிரோணும். திரும்பிப் பாக்காத சாமி."

"செரிப்பா," என்றான் செங்கோடன். பெரீப்பா என்று சொல்லாததை நல்லண்ணன் திருத்தவில்லை.

வைத்தான். முதுகுப்பக்கம் விறகு பிடித்து வெடிக்கும் சத்தம் கேட்டது. எதிரே வண்டித்தடம் வெயிலில் மேடேறிக் கிடந்தது. அதைப் பார்த்து நடந்தான்.