ஆண்ட்ரூ வீட்டுச் சேதி

உங்கள் வீட்டு வாசலில் ஊரே வந்து நின்று, "இந்த வருஷம் உங்க வீட்டுல என்ன நடந்தது, சொல்லுங்க" என்று கேட்டால் நீங்கள் ஒளிக்காமல் சொல்வீர்களா?

நான் சொல்லமாட்டேன். என்னிடம் யாரும் கேட்டதுமில்லை. ஆந்திராவில், ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்ஷாப்பில் வெல்டிங் வேலை செய்கிறேன். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். வேலை முடிந்தால் அறை, அறையில் ஒரு கட்டில், எழுத ஒரு நோட்டு. பக்கத்து அறைக்காரருக்கு என் பெயர் தெரியாது. அவர் பெயர் எனக்குத் தெரியாது.

வெதுருகுப்பத்தைத் தாண்டி உள்ளே போனால் மிஷன் காலனி என்று ஒரு ஊர் இருக்கிறது. பழைய சபை. எல்லாரும் தமிழ் பேசுகிற கிறிஸ்தவர்கள், எல்லாரும் விவசாயிகள். மார்கழிப் பனி இறங்கியதும் அந்த ஊரில் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். அது எல்லா ஊரிலும் உண்டு. இவர்களிடம் இன்னொன்றும் உண்டு. பாட்டு முடிந்ததும் வீட்டுப் பெரியவர் வாசலுக்கு வந்து அந்த வருஷத்து வீட்டுச் சேதியைச் சொல்லவேண்டும். பிறப்பு, சாவு, வேலை, நோய், பெயிலானது, பாஸானது எல்லாம். சொல்லி முடித்ததும் சபையை நடத்துகிற உபதேசியார், "வேற யார்னா கீறாங்களா?" என்று கேட்பார்; சேதியில் வீட்டு ஆள் யாரும் விட்டுப்போகக் கூடாது. பெரியவர் "அவ்ளோதான்" என்பார். அதற்கப்புறம்தான் ஜெபம். ஜெபத்துக்கு அப்புறம்தான் பலகாரம்.

இதை எனக்குச் சொன்னவள் ஷோபா. எங்கள் ஒர்க்ஷாப் ஆபீஸில் பில் போடுகிற பெண். சபைக் கோபுரத்தில் வைக்க ஒரு இரும்பு நட்சத்திரம் செய்யச் சொல்லி ஆர்டர் வந்திருந்தது. நான் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது வந்து எட்டிப் பார்த்தாள்.

"எந்த ஊருக்குண்ணா இது?"

சொன்னேன். கிட்டே வந்து நட்சத்திரத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"எங்க ஊர்ண்ணா அது."

அவள் திலீப்பைக் கல்யாணம் செய்துகொண்டது எனக்குத் தெரியும். திலீப் திருப்பதியில் எலக்ட்ரீசியன், குடித்தனமும் அங்கேதான். தெலுங்குக்காரன், வெங்கடேசுவரனைக் கும்பிடுகிறவன். ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம். அதற்கப்புறம் அவள் அப்பா ஆண்ட்ரூ அவள் பெயரைச் சொல்வதில்லை.

"அவுரு இந்துன்னு நைனாக்கு கோவம் இல்லண்ணா. எங்க சபைக் கோயில்ல கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு பேரு வாசிக்காம கட்டிக்கினேன் இல்ல, அதான். எல்லார் ஊட்டு கல்யாணத்துக்கும் முன்னால நின்னவரு. சொந்தப் பொண்ணு பேரு அந்த கோயில்ல வாசிக்கல."

கார்த்திகையில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. லீவு முடியாமலே கணக்குப் பார்க்க ஒரு நாள் வந்தவள்தான் அன்று என்னிடம் பேசினாள்.

"நட்சத்திரத்த நீயே எத்துகினு போண்ணா. இருந்து பாட்டுக்கும் போ. எங்க ஊட்ல சேதி சொல்லும்போது என் பேரு வருதான்னு மட்டும் கேட்டுகினு வா. வந்தா நான் பண்டிகைக்கு பாப்பாவ தூக்கிகினு போவேன். வரலன்னா போவமாட்டேன். அம்மா வா வான்னுதான் சொல்லுது. நைனா சொல்லாம அந்தப் படிய மிதிக்கமாட்டேன்."

அவளும் அப்பன் மாதிரிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நட்சத்திரத்தைப் பஸ் மேலே கட்டி எடுத்துப்போனேன். இறங்கும்போது மத்தியானம். அப்போதும் காற்று சில்லென்றுதான் இருந்தது. மாமரங்கள் பூ எடுக்கத் தொடங்கியிருந்தன. ஒரு பக்கம் வெல்லத்துக்குக் கரும்பு ஆட்டிக்கொண்டிருந்தார்கள். சக்கைப் புகையும் பாகு வாசமும் ரோடு வரைக்கும் வந்தன. உபதேசியார் நேசகுமார் வந்து என்னைக் கூட்டிப்போனார். சித்தூரிலிருந்து ஆனி மாதம்தான் மாற்றலாகி வந்தவர், சின்ன வயசு, கல்யாணமாகாதவர்.

"சாப்பாட்டுக்கு ஜெயகுமாரி அக்கா வீட்டுக்குப் போயிடுங்க. யார் வந்தாலும் அங்கதான். நானே அங்கதான்" என்றார்.

ஜெயகுமாரி ஷோபாவின் அம்மா. தலையில் மப்ளர் கட்டிக்கொண்டு, கேழ்வரகுக் களியை உருட்டி என் தட்டில் வைத்தார். மேலே மொச்சைக்கொட்டைக் குழம்பு. பனிக்காலத்து மொச்சை, தோல் உரித்தது.

"வெட்கப்படாம துன்னு. வெல்டிங்கு பண்றவன் இப்டியா துன்னுவான், குருவி மாதிரி?"

ஆண்ட்ரூ எதிரில் உட்கார்ந்திருந்தார். உயரமான மனிதர். அதிகம் பேசவில்லை. நான் செய்த நட்சத்திரத்தைப் பற்றி மட்டும் கேட்டார்.

"துரு புடிக்குமா?"

"ரெண்டு கோட்டு பெயிண்ட் அடிச்சிருக்கேன் ஐயா. ஆனாலும் பிடிக்கும், நாளாகும்."

"புடிக்காதுன்னு சொல்லாம சொன்ன பாரு, அது நல்லது" என்றார்.

அவர் எழுந்து போனதும் ஜெயகுமாரி சிரித்தார். "அவுருக்கு பொய் ஆவாது தம்பி. ஒரு வாட்டி மழையில கேனு மூடாம கெடந்துச்சி. பால் சென்டர்ல போயி, என் பாலுல மழத்தண்ணி கீது, எடுக்காதேன்னு அவுரே சொல்லி கீழ ஊத்திட்டு வந்துட்டாரு. மெஷின்ல கூட தெரிஞ்சிருக்காது."

நான் ஷோபாவுடன் வேலை செய்கிறவன் என்று மெதுவாகச் சொன்னேன்.

"தெரியும். ஷோபா போன்ல சொல்லிச்சி. கம்முனு இரு" என்றார்.

சாயங்காலம் மாடு கறக்கிற நேரத்தில் அந்தப் போன் பேச்சை என் கண்ணாலேயே பார்த்தேன். ஜெயகுமாரி போனை மப்ளருக்குள் காதோடு செருகிக்கொண்டு கறந்தார். பாலும் இறங்குகிறது, பேச்சும் நடக்கிறது. "பால் குடிக்குதா? சளி இருந்தா விக்ஸ் எல்லாம் தடவாத. கொழந்தைக்கு ஆவாது. ஆமா, மூக்கு உங்க நைனா மூக்குதான், போட்டோல பாத்தேனே."

கொட்டகைக்கு வெளியே, பனியில், காலி கேனைக் கையில் பிடித்தபடி ஆண்ட்ரூ நின்றிருந்தார். உள்ளே போகவில்லை. விலகியும் போகவில்லை. பேச்சு முடிகிற வரைக்கும் அப்படியே நின்றார். முடிந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உள்ளே போனார். "ஆச்சா?" என்றார். "ஆச்சி" என்றார் ஜெயகுமாரி. பாலைத்தான் கேட்டார், பாலுக்குத்தான் பதிலும்.

அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான். கோபத்தையும் விடவில்லை, மனைவியின் பேச்சையும் கெடுக்கவில்லை. தினமும் இப்படித்தான் குளிரில் நிற்கிறார் போலிருக்கிறது.

இருட்டத் தொடங்கியதும் பாட்டுக் கூட்டம் கிளம்பியது. தனசேகர் மேளம். ஸ்ரீசிட்டியில் ஒரு பாக்டரியில் ஷிப்டு வேலை பார்க்கிறவன், பாட்டுக்காகவே லீவு போட்டு வந்தவன். என் கையில் பேட்டரி விளக்கைக் கொடுத்தார்கள்.

முதலில் சபீனா வீடு. விதவை. அவரேதான் பெரியவர். பாட்டு முடிந்ததும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"ஸ்தோத்திரம். இந்த வருசம் சின்னவன் டிகிரி பெயிலு. ரெண்டு பேப்பரு. நல்லா படிக்கல, அதான் பெயிலு. எனக்கு முட்டி வலி. எருமை கன்னு போட்டுச்சி."

"எருமை சேதி எல்லாம் ஊட்டு சேதியா பெரீம்மா?" என்றான் தனசேகர்.

"நீ என் ஊட்ல டீ குடிக்கற இல்ல? அது யாரு பாலு? உன்னுதா?"

எல்லாரும் சிரித்தார்கள். பெயிலான பையனும் பின்னால் நின்று சிரித்தான். நேசகுமார், "வேற யார்னா கீறாங்களா?" என்றார். வந்த ஆறு மாதத்தில் ஊர்ப் பேச்சைப் பிடித்துவிட்டிருந்தார். "அவ்ளோதான்" என்றார் சபீனா. ஜெபம் நடந்தது. பெயிலான பேப்பருக்கும் முட்டிக்கும் எருமைக் கன்றுக்கும் சேர்த்தே ஜெபித்தார் நேசகுமார். அப்புறம் ஆளுக்கொரு கஜ்ஜிக்காய். உள்ளே வெல்லமும் தேங்காயும்.

வீடு வீடாக இதேதான். ஒருவருக்குக் கல் அடைப்பு ஆபரேஷன். ஒரு வீட்டில் போர் போட்டுத் தண்ணீர் வரவில்லை. ஒரு பெண் புருஷனோடு சண்டை போட்டு வந்து, அப்புறம் சமாதானமாகிப் போயிருந்தாள். எல்லாம் வாசலில், எல்லார் காதிலும் விழ. யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. நான் பிறந்த ஊரில் இதையெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். பேசாமலும் இருப்பார்கள்.

ஆண்ட்ரூ வீட்டுக்கு வந்தோம். வெளுத்த சட்டை போட்டு, கோட்டு மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஜெயகுமாரி கதவோரம், மூடிய பலகாரத் தட்டோடு. பாட்டு எனக்குக் காதில் ஏறவில்லை.

"ஸ்தோத்திரம்" என்றார் ஆண்ட்ரூ. "பெரியவனுக்கு ஸ்ரீசிட்டில வேல பர்மனன்ட் ஆச்சி. மருமவளுக்கு தைராய்டு, மாத்திர துன்னுது. கடலக்கா வெளச்சல் சரியா வரல. ஜெயகுமாரி சொகம். நானும் சொகம்."

நிறுத்தினார். பெயர் வரவில்லை. ஜெயகுமாரி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு ஷோபாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"வேற யார்னா கீறாங்களா மாமா?" என்றார் நேசகுமார்.

தனசேகர் மேளக் குச்சியால் அவர் முதுகில் இடித்தான். கூட்டத்தில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன தப்பு நடந்தது என்று எனக்கும் புரியவில்லை, நேசகுமாருக்கும் புரியவில்லை. அவர் சிரித்த முகமாகப் பதிலுக்குக் காத்திருந்தார்.

ஆண்ட்ரூ வாயைத் திறந்தார். "அவ்..." என்றார். மூடிக்கொண்டார். கோட்டுப் பொத்தானைப் பிடித்துத் திருகினார். மாடு ஒன்று கொட்டகையில் பெருமூச்சு விட்டது எல்லாருக்கும் கேட்டது.

"மாமா?" என்றார் நேசகுமார்.

"சேதி முடியல" என்றார் ஆண்ட்ரூ.

தனசேகர் மேளக் குச்சியை இறக்கினான்.

"முடியலப்பா. நீங்க அடுத்த ஊட்டுக்கு போங்க. முடிஞ்சதும் சொல்லி அனுப்பறேன், வந்து ஜெபம் பண்ணு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தனசேகர் பலகாரத் தட்டைப் பார்த்தான். ஜெயகுமாரி அதை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"இன்னா பாக்கற? ஜெபம் ஆவாம பலகாரம் உண்டா? சேதி முடியட்டும், வந்து துன்னு."

அவர் முகத்தில் சிரிப்பு, அதை அடக்கத் தெரியாமல் கதவைச் சாத்தினார்.

தெருமுனையில் தனசேகர் நேசகுமாரைப் பிடித்துக்கொண்டான். "இன்னாண்ணா, அந்த ஊட்ல போயி அத கேப்பாங்களா? பழைய உபதேசியாரு அங்க மட்டும் கேக்கமாட்டாரு. மாமா நிறுத்துனா உடனே கண்ண மூடி ஜெபத்த ஆரம்பிச்சிடுவாரு. ஷோபா போனதுலேந்து அப்டிதான்."

"எனக்கு யாருப்பா சொன்னீங்க?" என்றார் நேசகுமார். முகம் செத்துப்போயிருந்தது. "எல்லா வீட்டுலயும் கேக்கறதுதானே கேட்டேன்?"

"கேக்காம இருந்தா அவுரு பொய் சொல்ல வேணாம் இல்ல. நீ கேட்டுட்ட. இருக்கற பொண்ண இல்லன்னு அவுரு வாயால எப்டி சொல்லுவாரு?"

சபீனா பின்னாலிருந்து சொன்னார். "நல்லா கேட்டான் புள்ள. நாமதான் மரியாதைன்னு நெனச்சி ஒரு ஆள சும்மா உட்டுட்டோம். நட, நட, பனி ஏறுது."

அடுத்த வீட்டுக்குப் போகும் வழியில் என் போன் அடித்தது. கூட்டத்தைப் போகவிட்டு, வேலியோரம் நின்று எடுத்தேன்.

"என் பேரு வந்துச்சாண்ணா?" என்றாள் ஷோபா.

"வரலம்மா."

குழந்தை சிணுங்குவது கேட்டது.

"ஆனா புது உபதேசியார் வேற யாராவது இருக்காங்களான்னு கேட்டுட்டாரு" என்றேன்.

"கேட்டாரா? எங்க ஊட்லயா? நைனா இன்னா சொன்னாரு?"

"சேதி முடியலன்னாரு."

"அவ்ளோதான்னு சொல்லலியா?"

"சொல்ல வந்தாரு. சொல்லல."

"நீ நல்லா கேட்டியாண்ணா? காதுல சரியா உழுந்துச்சா?"

"பக்கத்துலதான் விளக்கோட நின்னேன். ஜெபம் நடக்கல. உங்கம்மா பலகாரமும் கொடுக்கல."

"பலகாரம் குடுக்கலயா?" என்றாள். சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்தே வந்தது. பின்னால் திலீப், "ஏமைந்தி?" என்று, என்ன ஆச்சு என்று தெலுங்கில் கேட்பது காதில் விழுந்தது. "ஊட்ட கூட்டணும்ண்ணா, யார்னா வந்தா இன்னா நெனைப்பாங்க, ஒரே குப்பையா கீது. வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

நான் விளக்கைத் தூக்கிக்கொண்டு மேளச் சத்தம் வந்த பக்கம் ஓடினேன்.

மறுநாள் காலையில் ஜெயகுமாரி தனியாகப் பால் கறந்தார். ஆண்ட்ரூ முதல் பஸ்ஸில் திருப்பதிக்குப் போயிருந்தார்.