வண்டிக்கு அடியில் தனபாலன்

நந்தனத்தில் இருக்கும் ஒரு லாரி ஷோரூமில் தனபாலன் என்று ஒரு சர்வீஸ் மேனேஜர் இருக்கிறார். அவர் மேல் எனக்கு ஆத்திரம் இன்னும் தீரவில்லை. தீரவேண்டும் என்று நான் ஜெபம் செய்வதும் இல்லை. கோயிலில் ஃபாதர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வைக்கும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நாங்கள் பட்டினப்பாக்கம். நான் டயானா, மீன் வியாபாரம். என் வீட்டுக்காரர் செபஸ்தியான் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு என்னோடு வியாபாரத்துக்கு வந்தவர். மெட்ராஸை சென்னை என்று மாற்றிய வருடம் நாங்கள் புதிதாக ஒரு டீசல் மினி லாரி எடுத்தோம். காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனை ஐஸ் பெட்டியில் போட்டு சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்கும், தி.நகர், அடையாறு பக்கத்து ஓட்டல்களுக்கும் கொண்டுபோய் இறக்க வேண்டும். அதற்குத்தான் வண்டி.

செபஸ்தியானைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் குப்பத்தில் எந்தப் படகு இன்ஜின் முரண்டு பிடித்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பக்கத்தில் குந்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு இன்ன இடத்தில் கோளாறு என்பார். அதற்குக் கூலி வாங்கமாட்டார். "செபஸ்தி சொன்னா சரி" என்று நாலு பேர் சொல்வார்கள், அது போதும் அவருக்கு. மனிதருக்கு இருந்த ஒரே பெருமை அது.

வண்டி எடுக்கப் போன அன்று தனபாலன்தான் எங்களை உட்காரவைத்து அந்தத் திட்டத்தை விளக்கினார். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, சட்டைப்பையில் மடித்த கைக்குட்டை.

"முன்னாடியே மொத்தமா கட்டிடுங்கம்மா. மூணு வருஷத்துக்கு ஆயில், ஃபில்டர், கிரீஸ் எல்லாம் எங்க பொறுப்பு. வண்டியைக் கொண்டாந்து விட்டா போதும்."

செபஸ்தியானுக்கு அது பிடிக்கவில்லை. "ஆயில் மாத்தறதுக்கு இன்னாத்துக்கு சார் கம்பெனி? நானே படுத்து மாத்திக்குவேன்" என்றார்.

நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். "விடியறதுக்கு முன்னாடி வண்டி எடுக்கறே. ஞாயித்துக்கிழமையாவது பாயில படுய்யா. அன்னிக்கும் வண்டிக்கு அடியில படுக்கணுமா?" என்றேன். அவர் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். பணத்தைக் கட்டினோம். கூப்பன் புத்தகம் கொடுத்தார்கள். கொடுக்கும்போதே தனபாலன் ஒரு நிபந்தனையும் சொன்னார். வெளியாள் கை இன்ஜினில் பட்டால் திட்டம் ரத்து. வண்டிச் சொந்தக்காரரும் வெளியாள்தானாம்.

அதன் பிறகு செபஸ்தியான் வண்டியின் அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "கை வெக்கக் கூடாதுன்னுட்டான். அப்பால குனிஞ்சு இன்னா பண்றது?" என்பார். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுகிற மனிதர்.

கூப்பன்படி வண்டியைக் கொண்டுபோய் விடுவோம். இனாயத் என்கிற மெக்கானிக் சாவியை வாங்கிக்கொள்வார். மறுநாள் போனால் வண்டி மதில் ஓரமாக நிற்கும், டயர் மட்டும் பளபளவென்று கழுவியிருக்கும். கூப்பனில் முத்திரை குத்திக் கொடுப்பார்கள். ஒரு தடவை தனபாலன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வெள்ளிக்கிழமை இந்த வண்டியை எடுத்துட்டு வராதீங்கம்மா, பூஜை போடற நாள். கஸ்டமர் எல்லாம் மூஞ்சியைச் சுளிக்கிறாங்க" என்றார். மீன் வண்டியில் மீன் நாற்றம்தான் வரும், அதற்காகச் சண்டை போட முடியுமா என்று இருந்துவிட்டேன்.

போகப் போக வண்டி இழுக்கவில்லை. செபஸ்தியான் தனபாலனிடம் போய், "ஆயில் கருப்பா, கெட்டியா கீது சார். சத்தமும் சரியில்ல" என்றார்.

"டீசல் வண்டியில ஆயில் கருப்பாத்தான்ப்பா இருக்கும். நீ ஓட்டற வேலையைப் பாரு."

அடையாறு பாலத்தின் நடுவில் வண்டி நின்றது. ஓட்டல் ஒன்றின் கல்யாண ஆர்டருக்கு எடுத்த வஞ்சிரம் முழுக்க உள்ளே இருந்தது. இன்ஜின் இறுகிவிட்டது. பின்னால் வந்த பஸ்காரன் எல்லாம் திட்டிக்கொண்டே போனான். வேறு வண்டி பிடிப்பதற்குள் ஐஸ் கரைந்து மீன் போயிற்று. அந்த ஓட்டலும் போயிற்று.

கயிறு கட்டி ஷோரூமுக்கு இழுத்துக்கொண்டு போனோம். தனபாலன் வெளியே வந்தார். குனியவில்லை, மூடியைத் திறக்கவில்லை. கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து தீர்ப்பு மட்டும் வந்தது.

"எங்க சர்வீஸ்ல குறையே இல்லை. கூப்பன் எல்லாம் கரெக்டா இருக்கு. இது டிரைவர் மிஸ்டேக். தண்ணியைப் போட்டுட்டு ஓட்டறவனுக்கு வண்டி எப்படிக் கதறுதுன்னு காதுல விழுமா?"

செபஸ்தியான் குடிக்கமாட்டார் என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஞாயிறு மத்தியானம் குடிப்பார். ஸ்டியரிங்கைத் தொடுகிற நாளில் தொடமாட்டார். அதை எல்லோர் எதிரிலும் நான் கத்திச் சொன்னேன். தனபாலன் உள்ளே போய்க் கண்ணாடிக் கதவை மூடிக்கொண்டார். கயிறு கட்ட வந்த எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

வண்டியைக் குப்பத்துக்கே இழுத்து வந்து மணலில் நிறுத்தினோம். பேச்சும் கூடவே வந்துவிட்டது. செபஸ்தி குடித்துவிட்டு இன்ஜினைத் தீய்த்துவிட்டானாம். எப்போதும் செபஸ்தியானையே கூப்பிடுகிற பக்கிரி அண்ணன் தன் படகு இன்ஜினைப் பார்க்க ராயபுரத்திலிருந்து ஆளைக் கூட்டி வந்தார், எங்கள் வாசல் வழியாகவே. அன்றைக்கு செபஸ்தியான் சோறு தின்னவில்லை. "ஒருவேளை எனக்குத்தான் காது போயிடுச்சோ இன்னாவோமே" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். வண்டி போனால் இன்னொரு வண்டி வாங்கலாம். இந்த மனிதர் தன் காதையே நம்பாமல் போனால் நான் எங்கே போய் வாங்குவேன்?

மறுநாள் நானே வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். என்ன தேடுகிறேன் என்றுகூடத் தெரியாது. ஆத்திரம், அவ்வளவுதான். அங்கே ஆயில் வடிக்கிற போல்ட்டின் மேல் பச்சை வலைநூல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

எங்கள் ஆட்களுக்கு அது பழக்கம். கடலில் இன்ஜின் அதிர்கிற வேகத்தில் போல்ட் தானாகக் கழன்றுவிடும். அதனால் வலைநூலை இறுக்கிச் சுற்றி முடி போடுவார்கள். ஒவ்வொரு வீட்டு முடியும் ஒரு விதம். செபஸ்தியான் இடக்கைக்காரர், அவர் முடி எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். வண்டி வாங்கிய அன்றே, ஷோரூம் வாசலில் மாலை போடுவதற்கு முன்பே, அந்த நிபந்தனையைக் கேட்பதற்கும் முன்பே, அவர் கீழே புகுந்து அதைக் கட்டியது எனக்கு நினைவு வந்தது. தனபாலன்கூட அதைப் பார்த்து, "இது என்ன தாயத்தா?" என்று சிரித்தார். நூலை அறுக்காமல் அந்தப் போல்ட்டைத் தொட முடியாது. நூல் அறுபடவில்லை. அதன் மேல் சேறும் உப்பும் காய்ந்து கல்லாகியிருந்தது.

அப்படியானால் ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட அவர்கள் ஆயில் மாற்றவில்லை.

நான் செபஸ்தியானிடம் சொல்லவில்லை. சொன்னால், "வுடுமே, பெரிய எடம்" என்பார். ஆயுத பூஜை வரட்டும் என்று காத்திருந்தேன். அன்றைக்கு ஷோரூமில் புது வண்டி எடுக்க ஊர்ப்பட்ட கூட்டம் வரும், முதலாளி சேட்டும் வருவார். அதுவரை பெட்டிகளில் கிடந்த மீன் தண்ணீரை நான் கொட்டவில்லை. வெயிலில் மூடி வைத்தேன். தினமும் போய் மோந்து பார்த்தேன். எனக்கே குமட்டியது, திருப்தியாக இருந்தது.

பூஜை அன்று பக்கிரி அண்ணனைப் போய்ப் பிடித்தேன். "உன் தம்பி லாரியில கயிறு கட்டி இஸ்துக்கினு வா. நீயும் கூட வா. நீ பாக்கணும்" என்றேன். அவருக்கு என் முகத்தைப் பார்த்து மறுக்கத் தோன்றவில்லை.

ஷோரூம் வாசலில் பூசணிக்காய், வாழைக்கன்று, மாலை போட்ட புது லாரிகள். அதற்கு நடுவில் எங்கள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினோம். பெட்டி மூடியைத் திறந்தேன். சாம்பிராணி வாசனையெல்லாம் போன இடம் தெரியவில்லை. தனபாலன் பட்டு வேட்டியில் ஓடி வந்தார்.

"என்னம்மா இது? நல்ல நாளும் அதுவுமா..."

"முன்னாடியே பணம் கட்டிக்கீறேன் நைனா. கூப்பன் மீதி கீது. சர்வீஸுக்கு வந்திருக்கேன். ஆயில் மாத்திக் குடு."

சேட்டு வந்தார். பின்னாலேயே புது வண்டி எடுக்க வந்தவர்களும் வந்தார்கள். ஒருவர் கையில் அதே திட்டத்தின் படிவம் இருந்தது. நான் அவரைப் பார்த்தே பேசினேன். "கீழே குனிஞ்சு பாருங்க சார். வண்டி வாங்கன அன்னிக்கு இதே வாசல்ல எங்க வூட்டுக்காரர் கட்டின நூலு. அறுத்தாத்தான் ஆயில் மாத்தலாம். இவங்க எத்தினி தபா மாத்தினாங்கன்னு இந்தக் கூப்பனையும் பாருங்க."

பக்கிரி அண்ணன்தான் முதலில் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். "செபஸ்தி முடிதான்" என்றார்.

"நேத்து ராத்திரிகூடக் கட்டியிருக்கலாமே" என்றார் தனபாலன்.

அப்போதுதான் இனாயத் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "இல்லை சேட். மேலே இருந்து மீன் தண்ணி சொட்டுதுன்னு பசங்க யாரும் கீழே போகமாட்டேன்னாங்க. டயரைக் கழுவிட்டு முத்திரை குத்திடுன்னு சார்தான் சொன்னாரு."

படிவம் வைத்திருந்தவர் அதை மடித்துப் பைக்குள் வைத்தார். சேட்டு அதைப் பார்த்தார். உடனே என் பக்கம் திரும்பி, புது இன்ஜின் போட்டுத் தருவதாகச் சொன்னார், கட்டிய பணத்தையும் திருப்பித் தருவதாகச் சொன்னார்.

"இன்ஜினைப் போடு சேட்டு. பணம் வாணாம். புதுக் கூப்பன் புக்கு குடு, எங்க வூட்டுக்காரர் கை பட்டாலும் ரத்து இல்லைன்னு எழுதி. இப்ப இந்த ஆயிலை இவரு வடிக்கட்டும். இவரே."

தனபாலன் சேட்டைப் பார்த்தார். சேட்டு தலையை மட்டும் அசைத்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைக்குட்டையை வாயில் கவ்விக்கொண்டு, தனபாலன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். நான் பெட்டியை லேசாகச் சாய்த்தேன். சாய்க்கவில்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். நூலை அறுத்து ஸ்பானரைத் திருப்பியதும் ஆயில் ஒழுகி வரவில்லை. தார் மாதிரிக் கட்டிகட்டியாக விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

அதோடு விடவில்லை. அந்தக் கோலத்திலேயே, சேட்டிடம் சொல்லிவிட்டு, அவரைப் பக்கிரி அண்ணன் தம்பியின் லாரியில் ஏற்றிக் குப்பத்துக்குக் கூட்டி வந்தேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். செபஸ்தியான் வாசலில் வந்து நின்றார்.

"தப்பு எங்க மேலதான். டிரைவர் மேல தப்பு இல்லை" என்றார் தனபாலன் முணுமுணுப்பாக.

"கடைசிப் படகு வரைக்கும் கேக்கணும்" என்றேன்.

கத்திச் சொன்னார். செபஸ்தியான் உள்ளே போய் ஒரு துண்டு எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார், முகம் துடைத்துக்கொள்ள. எனக்கு அந்தத் துண்டைப் பிடுங்கலாம் போல இருந்தது. அதற்குள் பக்கிரி அண்ணன், "செபஸ்தி, ராயபுரத்துக்காரன் பாத்துட்டுப் போன இன்ஜின் இன்னும் முக்குது. வந்து கேளு நைனா" என்றார். செபஸ்தியான் தனபாலனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார். வேகமாகத்தான் நடந்தார்.

இப்போது வண்டிக்கு ஆயில் மாற்றுவது, கிரீஸ் வைப்பது எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் செபஸ்தியான்தான். பாயில் படு என்று நான் சொல்வதில்லை. ஆனாலும் மாதம் தவறாமல் மார்க்கெட் முடிந்த கையோடு, கழுவாத பெட்டிகளுடன் நந்தனம் போகிறேன். தேவையே இல்லாத சர்வீஸ். ஆனால் தனபாலன் தன் கையால் செய்யவேண்டும் என்று சேட்டிடம் பேசியாகிவிட்டது. அவர் அடியில் போய்ப் படுக்கும்வரை நான் வண்டியை விட்டு நகர்வதில்லை.

"பாவம்மே, வுட்டுடு" என்கிறார் செபஸ்தியான்.

கூப்பன் இன்னும் தீரவில்லை என்று சொல்லிவிட்டேன்.