இன்டர்வலுக்குள் சாகிறவர்

பக்கத்து வீட்டு ஏஞ்சலம்மாள் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்கிய வெள்ளைக்காரர் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு முழங்காலிட்டாள். சாத்திய கதவில் மழை அடித்துக்கொண்டிருந்தது. தாராவியின் அந்த ஒற்றை அறையில், சவப்பெட்டிக்குள் தனசீலன் கிடந்தார். தலைமாட்டில் இருந்த அவர் மனைவி சகாயராணிக்குப் பதறிப்போயிற்று.

“அக்கா, அதுக்கு எதுக்கு மெழுவத்தி?”

“இருக்கட்டும்ட்டி. எந்த ஊருச் சாமியாரோ, மொகத்துல என்னா சாந்தம்!”

சாமியாராவது மண்ணாங்கட்டியாவது! அவர் சினிமாக்காரர். இங்கிலீஷ் கொலைப் படங்களில் லாட்ஜ் குமாஸ்தாவாகவோ வீட்டு வேலைக்காரராகவோ வந்து, இன்டர்வலுக்குள் செத்துப்போகிறவர். கழுத்துவரை பித்தான் மாட்டிய கறுப்புக் கோட்டோடு அவர் நின்ற படத்தை, கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் வாங்கிய பழைய பத்திரிகையிலிருந்து வெட்டி, தனசீலன் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். வாரமெல்லாம் தோல் கிடங்கில் மாரடிப்பார். ஞாயிறு பூசை முடிந்ததும் தியேட்டருக்கு ஓடுவார். அந்த மனுஷன் செத்ததும் எழுந்து வந்துவிடுவார்.

“பாதிப் படத்துக்கா முழு டிக்கெட்டு?” என்று சகாயராணி கத்துவாள்.

“ஹீரோவ ஊரே பாக்கு. இவர எவன் பாக்கான்? கொலகாரன் வாசல்ல நிக்கான்னு இவருக்குத் தெரியும், கேட்டியா? அலற மாட்டாரு. காலர் பித்தான நிதானமா மாட்டிட்டு, பொறவுதான் கதவத் தொறப்பாரு. ஏட்டி, அந்த வெரலப் பாக்கணும்! லேசா நடுங்கும். ஒருக்க என்கூட வாயேன்.”

அவள் ஒருதரம்கூடப் போகவில்லை.

நேற்றுக் காலையில் தனசீலன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் தம்பி தாவீது டாக்சியைக் கூட்டிவந்து கதவைத் தட்டினான். தனசீலன் எழுந்து நின்று, காலர் பித்தானைத் துழாவினார்.

“உசுரு போற நேரத்துல சோக்கு வேறயா!” என்று அவர் கையைத் தட்டிவிட்டு அவள்தான் கதவைத் திறந்தாள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன்னே உயிர் அடங்கிவிட்டது.

பாவி மனுஷன், அப்போதுகூட அதைத்தானா செய்துகாட்டினார்? பித்தானை மாட்டவிட்டிருக்கலாமே!

தாவீது குனிந்து காதோடு சொன்னான். “மைனி, ஜெபம் பண்ண உபதேசியார் வந்துருவாரு. அந்தப் படத்தக் கழத்திருவமா? சினிமாக்காரன்னு தெரிஞ்சா அண்ணனுக்குத்தான் கேவலம்.”

“கெடக்கட்டும்.”

“யாருன்னு கேட்டா?”

“ஒங்க அண்ணனுக்கு வேண்டியவருன்னு சொல்லு.”

ஏஞ்சலம்மாள் இன்னும் ஜெபித்துக்கொண்டிருந்தாள். அதையும் சகாயராணி தடுக்கவில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. உபதேசியாரும் பெட்டியைத் தூக்க வந்தவர்களும். தாவீது தாழ்ப்பாளில் கை வைத்தான்.

“பொறு.”

அவள் பெட்டிக்குள் குனிந்தாள். உடுத்திவிட்டவர்கள் வெள்ளைச் சட்டையின் மேல் பித்தானைத் திறந்தபடியே விட்டிருந்தார்கள். அதைப் பிடித்தாள். துளைக்குள் போகாமல் நழுவியது, விரல் நடுங்கியது. வெளியே மறுபடியும் தட்டினார்கள். அவள் அவசரப்படவில்லை. பித்தானை மாட்டி, காலரை நீவிவிட்டாள்.

“இப்பத் தொற, தம்பி.”