மூன்றாவது டிரிப்

எங்கள் தையல் ஹாலுக்குள், வேலை நேரத்தை அளக்கும் ஸ்டாப்வாட்ச்காரர் நுழைந்தால் நூல் அறுந்துபோகும். ஊசி வளையும். பக்கத்து மெஷின் சௌந்தர்யாவுக்கு விடாமல் தும்மல் வரும். ஒருத்தி முழு வேகத்தைக் காட்டிவிட்டால் அதுவே மறுநாள் எல்லோருக்கும் டார்கெட். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குள் கால் வைத்த எல்லோருக்கும் இது தெரியும். கட்டிங்கில் பல வருஷம் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் ஜான்சனுக்கும் தெரியும்.

அவர் கட்டிங் வேலையை விட்டுவிட்டு, பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி எங்கள் கம்பெனிக்கே ஓட்டினார். வெட்டிய தோலை ஆலங்காயத்துக்கு மேலே மலையில் இருக்கும் யூனிட்டுக்குக் கொண்டுபோவார். அங்கே பெண்கள் கையால் தைத்து வைத்திருக்கும் ஷூ மேல்பாகங்களை ஏற்றிக்கொண்டு திரும்புவார். அவை என் லைனுக்குத்தான் வரும். நாங்கள் லைனிங் வைத்து மெஷினில் தைத்து முடிப்போம். அவருக்கு நாளுக்கு இரண்டு டிரிப். இரண்டாவதை இறக்கிவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

மலைதான் தொல்லை. பாரத்தோடு ஏறும்போது வண்டி பெருமூச்சு விட்டுக்கொண்டு ஊர்ந்தது. சர்ச்சில் ஆறு மணிக்குப் பாடகர் குழுப் பயிற்சி. இவர் வந்து சேர்வதற்குள் எல்லோரும் கலைந்துவிடுவார்கள். இவருக்கு இருப்பதே அந்த ஒரு சந்தோஷம். கிறிஸ்துமஸுக்கு இவர் தனியாகப் பாட வேண்டிய வரிகளைக் குழுவில் இருக்கும் இன்பராஜுக்குக் கொடுக்கப்போவதாகப் போதகர் சொல்லி அனுப்பினார். அன்று இவர் சாப்பிடவில்லை. எனக்கும் வயிறு எரிந்தது. இன்பராஜ் பாடி நான் கேட்டிருக்கிறேன்.

வாணியம்பாடி மெக்கானிக் தௌசீப் அகமதிடம் போனோம்.

"டர்போ இல்லாத எஞ்சினுக்குக் காத்தை யாரும் ஊட்டி விட மாட்டாங்க அண்ணே. அதுவேதான் இழுத்துக்கணும்," என்றார் அவர். "உள்ள இழுக்கிற வழி, வெளிய வுடுற வழி ரெண்டையும் சரி பண்ணித் தர்றேன். எஞ்சின் மேல மூடியிருக்கிற ஹெட்டைக் கொஞ்சம் சீவிட்டா உள்ள அழுத்தம் ஜாஸ்தியாவும், மலையில இழுக்கும். ஆனா நல்ல பெட்ரோலா போடணும். இல்லன்னா எஞ்சின் தட்டும்."

காற்று போகும் பாதைகளை உள்ளே தேய்த்து வழவழப்பாக்கினார். ஹெட்டைச் சீவினார். புகை வெளியேறும் குழாய்களை மாற்றினார். எடை குறையட்டும் என்று பின்சீட்டையும் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். அது எங்கள் வீட்டுக்குள் வந்தது. நான் அதில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன்.

"பிராக்டிஸ் இருக்கிற நாள் மட்டும் சீக்கிரம் வாங்க," என்று இவரிடம் சொன்னேன். "மத்த நாள்ல எங்கனா நிறுத்தி டீ குடிச்சுட்டு, பழைய நேரத்துக்கே கேட்டுக்குள்ள வாங்க."

"அதெல்லாம் கைக்குத்தான் கிறிஸ்டினா. எஞ்சினுக்கு இன்னா டார்கெட்டு?" என்று சிரித்தார்.

புதுக் குழாயால் வண்டிக்குக் கனத்த சத்தம் வந்திருந்தது. கேட் அருகே திரும்பும்போதே ஹாலுக்குள் கேட்கும். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வாரம் இவர் பயிற்சிக்குப் போய்ப் பாடினார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். கல்யாணமான புதிதில்தான் அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

சரக்கு அனுப்பும் மேனேஜர் ஜெயப்பிரகாஷ், எப்படி இவ்வளவு சீக்கிரம் வருகிறீர்கள் என்று கேட்டாராம். இந்த மனுஷன் பானெட்டைத் திறந்து, பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல் ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறார். மலையை எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்பதையும் சொல்லியிருக்கிறார். யாரும் ஸ்டாப்வாட்சைத் தூக்காமலே தன் வேகத்தைத் தானே சொன்ன ஆள் எங்கள் ஊரிலேயே இவர் ஒருவர்தான்.

"அப்ப மூணாவது டிரிப்பும் அடிச்சிடலாமே ஜான்சன். முடியலன்னா சொல்லுங்க, வேற வண்டி பாத்துக்கறேன்," என்றார் ஜெயப்பிரகாஷ்.

மூன்றாவது டிரிப் வந்தது. பயிற்சி மறுபடியும் போனது. நாங்கள் திரும்பவும் தௌசீப்பிடம் போய், வண்டியைப் பழையபடி ஆக்கித் தரச் சொன்னோம். அவர் முதலில் சிரித்தார், இவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"குழாயை மாத்தலாம் அண்ணே. சீவுனதை எப்படி ஒட்டுறது? பேசாம மெதுவா ஓட்டிப் பாருங்க."

மறுநாள் மெதுவாக ஓட்டினார். கேட்டிலேயே ஜெயப்பிரகாஷ் நின்றுகொண்டிருந்தார்.

"எங்க நிறுத்தி வெச்சீங்க ஜான்சன்? எவ்ளோ நேரத்துல வரும்னு நீங்கதானே சொன்னீங்க."

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை கடைசிப் பயிற்சி. அன்றும் வராவிட்டால் அந்த வரிகள் இன்பராஜுக்கு என்று போதகர் முடிவாகச் சொல்லிவிட்டார். எங்கள் ஷிப்ட் முடியும் நேரத்தில் ஸ்டாப்வாட்ச்காரர் வந்து, இனி மூன்றாவது டிரிப் சரக்கையும் அன்றன்றே முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். மணி அடித்தது. யாரும் எழவில்லை. கொஞ்ச நேரத்தில் கேட்டில் அந்தக் கனத்த சத்தம் கேட்டது.

"வந்துட்டாருக்கா உங்க வீட்டுக்காரர்," என்றாள் சௌந்தர்யா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் மெஷின் பக்கத்தில் இறக்கினார்.

"இவ்ளோவும் இன்னைக்கேவா?"

"நீங்க கொண்டாந்தா இன்னைக்கேதான்."

இவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சரக்கு தைத்து முடியும்வரை இவருடைய டிரிப் சீட்டிலும் இனி கையெழுத்துப் போட மாட்டார்களாம், அதில்லாமல் இவரும் கிளம்ப முடியாது. இவர் என் பக்கத்தில் முழங்காலிட்டு, மேல்பாகத்தையும் லைனிங்கையும் சேர்த்துச் சேர்த்து நீட்டத் தொடங்கினார். கட்டிங்கில் பழகிய கை. நான் வாங்கி வாங்கி ஓட்டினேன். எப்படியாவது இவரை ஆறு மணிக்குள் சர்ச்சில் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. பெட்டி பாதியாகக் குறைந்தது. இவர் மெல்லத் தன் வரிகளை முணுமுணுத்தார். போய்விடலாம் என்றே நம்பினேன்.

சௌந்தர்யா தும்மினாள். மறுபடியும் தும்மினாள்.

எனக்குக் கை நின்றுபோனது. திரும்பிப் பார்த்தேன். ஸ்டாப்வாட்ச்காரர் எங்களுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. அதுவரை நூல் ஒருமுறைகூட அறுந்திருக்கவில்லை.