ஒரு மூடி சளி மருந்து

"இன்னாம்மா, எங்களுக்கு வேலையே வெக்காம தூங்கிட்டாளே உம் பொண்ணு!" என்றாள் நர்ஸ் சவுரியம்மாள். "இங்க வர்ற பசங்க கத்துற கத்து லாங் பஜார் வரைக்கும் கேக்கும்."

மோகனா சிரிக்கப் பார்த்தாள். மடியில் இரண்டரை வயது மகள் வாய் திறந்தபடி கிடந்தாள். போன மாதம் இரண்டு முறை வலிப்பு வந்திருந்தது. மூளையை ஸ்கேன் எடுக்க வேண்டும். அசையாமல் படுத்திருக்க மயக்க மருந்து தருவார்கள். மூன்று வாரம் காத்திருந்து கிடைத்த நாள் இது.

மயக்க மருந்து டாக்டர் எதிரில் வந்து உட்கார்ந்தார். இளம் பெண். நிதானமாகக் கேட்டார். கடைசியாக எப்போது சாப்பிட்டாள், சளி இருக்கிறதா, குறட்டை விடுவாளா. எல்லாவற்றுக்கும் பரணிதரனே பதில் சொன்னான். ஷூ கம்பெனிக்கு லீவு போட்டு வந்த கணவன், மனைவியைப் பேசவிடவில்லை.

"வேற மருந்து ஏதாவது குடுக்குறீங்களா?"

"ஃபிட்ஸுக்கு எழுதிக் குடுத்தது மட்டும்தான் மேடம். வேற ஒண்ணும் இல்ல."

மோகனா தரையைப் பார்த்தாள்.

மாதனூரில் வீட்டிலேயே உட்கார்ந்து அவள் ஷூவின் மேல்தோல் தைக்கிறாள். ஏஜெண்ட் காலையில் தோல் கட்டைப் போட்டுவிட்டு, தைத்ததை மாலையில் எடுத்துப்போவான். குழந்தை ஓடி வந்து ஊசியைப் பிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரி சொன்னதுதான், சளி மருந்து. ஒரு மூடி கொடுத்தால் மதியம் வரை தூங்கும். முதலில் சளி பிடித்த நாட்களில் கொடுத்தாள். பிறகு வேலை ஜாஸ்தி இருந்த நாட்களில். பிறகு எல்லா நாட்களிலும். இன்று ஸ்கேனுக்காக வெறும் வயிற்றோடு வந்த குழந்தை பஸ்ஸில் வீறிட்டது. பரணிதரன் முன்பக்கம் நின்றிருந்தான். மருந்துதானே, சாப்பாடு இல்லையே என்று ஒரு மூடி கொடுத்துவிட்டாள்.

சொன்னால் அவன் என்ன செய்வான் என்பதைவிட வேறொரு பயம் அவளுக்குப் பெரிதாக இருந்தது. வலிப்பே அந்த மருந்தால்தான் வந்தது என்று டாக்டர் சொல்லிவிட்டால்?

டாக்டர் குழந்தையின் இமையைத் தூக்கிப் பார்த்தார். குழந்தை சிணுங்கக்கூட இல்லை. "எடை எவ்வளவு, சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டு மருந்தின் அளவை எழுதப் பேனாவைத் திறந்தார்.

"மேடம், நான் குடுத்தேன்" என்றாள் மோகனா.

"என்ன குடுத்தீங்க?"

"சளி மருந்து. காலைல, பஸ்ல. ஒரு மூடி. தெனமும் குடுப்பேன்."

பரணிதரன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் பேனாவை மூடினார். "அதுக்கு மேல நானும் குடுத்திருந்தா மூச்சு கம்மியாகியிருக்கும்மா. நல்லவேளை, சொன்னீங்க. இன்னைக்கு ஸ்கேன் வேண்டாம். தானா முழிக்கிற வரைக்கும் இங்கயே இருக்கட்டும். இனி அந்த மருந்த வீட்லயே வெக்காதீங்க."

"ஃபிட்ஸ் அதனாலதான் வந்துச்சா மேடம்?"

"எனக்குத் தெரியாதும்மா. ஸ்கேன் எடுத்துட்டு, மத்த டாக்டருங்களும் பாத்துதான் சொல்ல முடியும்."

சவுரியம்மாள் குழந்தையைக் கட்டிலில் கிடத்தி, கால் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை மாட்டினாள். இப்போது அவள் எதையும் சொல்லிச் சிரிக்கவில்லை. மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

கட்டிலின் இரண்டு பக்கமும் இருவரும் உட்கார்ந்தார்கள். சின்ன நெஞ்சு ஏறியது, இறங்கியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அதை மட்டுமே பார்த்தார்கள்.

"எத்தினி மாசமா?" என்றான்.

"எட்டு."

அவன் குழந்தையின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டான். பிறகு, "நான் ஷிப்ட் முடிஞ்சி வர்றப்பல்லாம் மந்தமாவே கெடப்பா. கொழந்தைன்னா அப்பிடித்தான்னு நெனச்சினு இருந்தேன்" என்றான்.

திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது அவளுக்கு.

மதியம் மூன்று மணிக்குக் குழந்தை கண்ணைத் திறந்தது. அம்மாவைப் பார்த்தது, அப்பாவைப் பார்த்தது. உதடு பிதுங்கி, பசியில் ஓவென்று அழத் தொடங்கியது. அடுத்த கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பரணிதரன் பால் வாங்க எழுந்து ஓடினான். மோகனா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அழாதே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.