ஏழாவது ஆள்

ஆக்ஸிஜன் முகமூடியை அப்பா நான்காவது தடவையாகக் கழற்றித் தாடைக்குக் கீழே தள்ளினார். அவன் அதைப் பிடித்து மறுபடி மூக்கின் மேல் வைக்கப் போனான். அப்பா அவன் கையைத் தட்டிவிட்டார். ஓர் ஈ உட்கார்ந்து எழுந்தது போலத்தான் இருந்தது.

"இருடா... ஒண்ணு கேக்கணும்."

அவன் குனிந்தான். சாகக் கிடப்பவர்களின் கடைசி வசனங்களை அவன் நிறையக் கேட்டவன். இருபத்திரண்டு வருடமாகச் சினிமா விமர்சனம் எழுதுகிறான். தங்கச்சியைப் பார்த்துக்கோ, சொத்துப் பத்திரம் பரண்மேல் இருக்கிறது, நீ என் மகனே இல்லை என்று படுக்கையில் கிடந்து சொல்லிவிட்டுத் தலை சாய்ந்தவர்களில் ஒருவரையும் அவன் பேனா சும்மா விட்டதில்லை. அதனால் அப்பா என்ன கேட்கப்போகிறாரோ என்று கொஞ்சம் பயமாகவே இருந்தது.

"அந்தப் படத்துல... ஏழாவது ஆளு என்ன ஆனான்?"

"எந்தப் படம்பா?"

"ஞாயித்துக்கிழமை எழுதினியே. அந்தக் கூலிப்படைக் கெழவனுங்க."

ஜன்னலோரம் பள்ளிக்கூட விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "நல்லா கேட்டீங்க போங்க. உயிர் போற நேரத்துல சினிமா." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி சிவப்புப் பேனாவோடு விடைத்தாளில் குனிந்துகொண்டாள்.

படம் இதுதான். கூலிக்குப் போர் செய்த ஏழு பேர், முப்பது வருடத்துக்கு முன் ஒரு கிராமத்தைக் கொளுத்திவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இப்போது ஓய்வு. ஒருவன் மீன் பிடிக்கிறான், ஒருவன் ரோஜா வளர்க்கிறான், ஒருவன் பேத்திக்குச் சைக்கிள் கற்றுத் தருகிறான். அந்தக் கிராமத்தில் தப்பித்த சிறுவன் வளர்ந்து, தாடி வளர்த்து, வசனம் இல்லாமல், வரிசையாக வந்து அவர்களைத் தீர்த்துக்கட்டுகிறான். முழங்கால் தேய்ந்த கிழவர்கள் கூரை விட்டுக் கூரை தாவுகிறார்கள். தாவும்போது மட்டும் அவர்களின் முதுகுதான் தெரிகிறது. அந்த முதுகுக்கு இருபத்தைந்து வயது.

அதற்கு அவன் எழுதிய விமர்சனத்தின் முதல் வரி ஊரெல்லாம் பரவியிருந்தது. 'திரையில் ஏழு கொலைகள். எட்டாவது, என் இருக்கையில் நடந்தது.'

அந்த வரியை அவன் இடைவேளையில், கொட்டகையின் கழிப்பறைக்கு வெளியே நின்று, கைபேசியில் தட்டினான். அப்போது திரையில் மூன்று பேர்தான் செத்திருந்தார்கள். மிச்சத்தை அவனே கணக்குப் போட்டுக்கொண்டான். அவன் இடைவேளைக்குப் பிறகு எந்தப் படத்தையும் பார்ப்பதில்லை. எட்டு வருடமாகவே அப்படித்தான். மூக்கு இருப்பவனுக்கு முதல் பாதியின் வாடையே போதும் என்பது அவன் கொள்கை. கொள்கை என்று அவன்தான் சொல்லிக்கொண்டான். நெரிசலுக்கு முன்னால் வண்டியை எடுத்துவிடலாம் என்பதும் ஒரு காரணம். இது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இத்தனை வருடத்தில் ஒரு வாசகனும் கண்டுபிடித்ததில்லை. வாசகர்களை அவன் மதிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

"ஏழாவது ஆளையும் கொன்னுட்டான்பா," என்றான்.

"எப்படி?"

"எப்பவும் போலதான்."

"எப்பவும் போலன்னா?" அப்பா மூச்சு வாங்கினார். "நான் கேக்கறேன்ல... சொல்லேன்."

முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மோட்டார் சத்தத்தை வைத்தே எந்த மாடியில் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவர். அவரிடம் 'எப்பவும் போல' என்கிற பதில் செல்லாது. அவன் முகமூடியை எடுத்து அவர் மூக்கில் வைத்தான். இந்தத் தடவை அவர் தடுக்கவில்லை. கண் மட்டும் அவன்மேலேயே இருந்தது.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். வேறு வழியில்லை. இருபத்திரண்டு வருடமாக மற்றவன் எழுதிய கதையைக் கிழித்தவன், முதல்தடவையாக ஒரு கதையைத் தைக்க வேண்டியதாயிற்று.

"ராத்திரி. மழை."

முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தது. அப்பா அதை விலக்கினார். "மழை வேறயா?"

"மழை இல்லாம எந்தக் கழுதை கொல்றான்? நீங்க சும்மா கேளுங்க. ஏழாவது ஆளு ஒரு பெரிய கட்டடத்துல பன்னண்டாவது மாடியில இருக்கான். தனியா. ஹீரோ லிஃப்ட்டுல ஏர்றான். கதவு மூடப்போகுது, ஒரு கை உள்ள வருது. பாத்தா அதே கெழவன். கையில பால் பாக்கெட்."

"அடையாளம் தெரியுமா?"

"ஹீரோவுக்குத் தெரியும். கெழவனுக்குத் தெரியாது."

"ம்."

"ஹீரோ துப்பாக்கியை எடுக்கறான். அந்த நேரம் பாத்து கம்பி அறுந்துடுது."

எங்கிருந்து வந்தது கம்பி என்று அவனுக்கே தெரியவில்லை. தான் கேலி செய்யும் மடத்தனம் எல்லாம் தன் வாயில் இவ்வளவு சுலபமாக ஊறுவதைப் பார்க்க அவனுக்கு அருவருப்பாக இருந்தது. அப்பாவின் புருவம் ஏறியது.

"அறுந்தா விழாதேடா. கவர்னர்னு ஒரு கருவி இருக்கும். வேகம் கூடினா பிரேக்கு தண்டவாளத்தைக் கவ்விக்கும்."

"அதான் விழலை. ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு. கரண்டும் போயிடுச்சு."

"அப்படிச் சொல்லு," என்றார் அப்பா. அவருடைய தோள் தலையணையில் கொஞ்சம் தளர்ந்தது. "அப்புறம்?"

"இருட்டு. ஹீரோவால சுட முடியலை. சுட்டா இரும்புல பட்டுத் தனக்கே திரும்பி வரும். 'பயப்படாதப்பா, மெக்கானிக் வருவான்'னு கெழவன் அவனுக்குத் தைரியம் சொல்றான்."

அக்காவின் பேனா நின்றுவிட்டிருந்தது.

"ரெண்டு பேரும் தரையில உக்காந்துட்டாங்க. கெழவன் பேசிட்டே இருக்கான். முட்டி வலி, மாத்திரை, பக்கத்து வீட்டு நாய். நாலு மணி நேரம்."

"நாலு மணி நேரமா?" அப்பாவுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "நாலு மணி நேரம் கழிச்சு வர்றவன் மெக்கானிக்கா? வேலையை விட்டுத் தூக்க வேணாம்? நான் இருவது நிமிஷத்துல போவேன்."

"சரி, இருவது நிமிஷம்."

"ம். வந்தான். அப்புறம்?"

"கதவைத் திறந்து ரெண்டு பேரையும் தூக்கி விட்டான். கெழவன் வீட்டுக்குப் போயிட்டான். ஹீரோ படியில இறங்கிப் போயிட்டான்."

"கொல்லலையா? கொன்னுட்டான்னு சொன்னியே."

அவனுக்குக் காது சுட்டது. எட்டு வருடம் ஊரை ஏமாற்றியவன் பத்து நிமிடத்தில் சொந்தக் கதையில் வழுக்கி விழுந்திருந்தான். "அது... முடிவை வெளிய சொல்லக் கூடாதுப்பா. அதான் முதல்ல அப்படிச் சொன்னேன். எங்க தொழில்ல அது ஒரு ஒழுங்கு."

அப்பா அவனை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு முகமூடியைத் தானே இழுத்து வைத்துக்கொண்டார். உள்ளே உதடு அசைந்தது. அக்கா எழுந்து வந்து காதைக் கொடுத்தாள்.

"என்ன சொல்றாரு?"

"நல்லா இருக்காம். நல்ல முடிவாம்." அவள் நாற்காலிக்குத் திரும்பினாள். "நீ இப்படி எல்லாம் நல்லா கதை சொல்லுவியாடா? இங்க பாரு, ஒரு பய பாடத்தை மூணாம் பக்கத்துக்கு மேல படிக்கவே இல்லை, பன்னண்டு பக்கம் எழுதியிருக்கான். எவன் கண்டுபிடிப்பான்னு நெனைப்பு."

அவன் கைபேசியை எடுத்துக்கொண்டான்.

மதியம் மூன்றரைக்குப் பிறகு எப்போதோ அப்பா இறந்தார். சாவுக் காட்சிகளைப் பற்றி ஒரு புத்தகம் அளவுக்கு எழுதியவன், நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்தும் அதைத் தவறவிட்டான். தன் விமர்சனத்தை எத்தனை பேர் பகிர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான். அக்காதான் "டேய்," என்றாள். நர்ஸ் வந்தாள், கழுத்தில் விரல் வைத்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். இசை எதுவும் இல்லை. தாழ்வாரத்தில் ஒருவன் சக்கரம் கோணலான தள்ளுவண்டியில் மதியச் சாப்பாட்டுத் தட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான். அந்தச் சத்தம்தான் இருந்தது.

மறுநாள் காலை மின்சாரச் சுடுகாட்டில், அப்பாவுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். காத்திருக்கும் அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். வந்தவர்களில் பாதிப் பேர் அவனிடம் துக்கம் கேட்டுவிட்டு, அதே மூச்சில் புதுப் படம் எது நன்றாக இருக்கிறது என்றும் கேட்டார்கள். ஒருவர் 'எட்டாவது கொலை' நகைச்சுவையை அவனுக்கே சொல்லிக்காட்டினார். அவன் எல்லோரையும் அலட்சியமாகப் பார்த்துத் தலையாட்டினான். அந்த அலட்சியம் ஒன்றுதான் அன்றைக்கு அவனைக் கால் ஊன்றி நிற்க வைத்தது.

ஆயில் கேன் மாமா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்பாவோடு லிஃப்ட் கம்பெனியில் உதவியாளராக இருந்தவர். எண்ணெய்க் குவளையும் கையுமாகவே திரிந்ததால் வந்த பெயர். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"போன திங்கக்கெழமை ரெண்டு பேரும் சினிமா பாத்தோம் தம்பி. புதன்கெழமை ஆஸ்பத்திரிங்கறாங்க. நம்ப முடியுதா?"

"என்ன படம் மாமா?"

"அதான், நீங்க கிழிச்சீங்களே, கூலிப்படை படம். அது ரெண்டாவது தடவை."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"மொதல் நாளே ஒரு தடவை பாத்துட்டோம். நமக்கு என்ன, டுமீல் டுமீல்னு இருந்தா போதும். ஞாயித்துக்கெழமை உங்க விமர்சனம் வந்துச்சு. உங்கப்பா டீக்கடையில சத்தமா படிச்சாரு. அந்த எட்டாவது கொலைக்குச் சிரிச்சாரு பாருங்க, டீ மூக்குல ஏறிடுச்சு. அப்புறம் திடீர்னு அமைதியாயிட்டாரு. 'ஏழு கொலைன்னு போட்டிருக்கானே, நாம பாத்தது ஆறு தானே'ங்கறாரு. நான் ஆமான்னேன். 'அவன் தப்பா எழுத மாட்டான், நாமதான் எங்கயோ தூங்கிட்டோம், வா'ன்னு திங்கக்கெழமை மறுபடி இழுத்துட்டுப் போனாரு."

"ம்."

"கண் இமைக்கலை மனுஷன். ஒவ்வொருத்தன் சாகறப்பவும் ஒரு விரலை மடக்கினாரு. படம் முடிஞ்சு லைட்டு போட்டாங்க, கையை அப்படியே வச்சிட்டு உக்காந்திருந்தாரு. ஆறுதான் தம்பி."

உள்ளேயிருந்து ஒருவர் வந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அவர்கள் முறை இல்லை.

"அச்சுப் பிழைன்னாரு," என்றார் மாமா. "'ஆறு கொலை, ஏழாவது என் சீட்டுலன்னுதான் பையன் எழுதியிருப்பான், பிரஸ்ஸுல எவனோ மாத்திட்டான்'னாரு. டீக்கடையிலயும் எல்லார்கிட்டயும் அதையே சொன்னாரு. பிரஸ்காரனுங்களை நீங்க ஒரு பிடி பிடிக்கணும் தம்பி. ஏழாவது ஆளைத்தான் அவன் கொல்லவே மாட்டானே. இவன் போய்ச் சேர்றப்போ..."

"சொல்லாதீங்க மாமா."

"என்ன?"

"முடிவைச் சொல்லாதீங்க."

மாமா குழப்பமாகப் பார்த்தார். பிறகு, துக்கத்தில் இருப்பவன் எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற முறையில் தலையாட்டினார்.

எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்தபோது மணி ஒன்றாகியிருந்தது. அவன் வண்டிச் சாவியை எடுத்தான்.

"வீட்டுக்குத்தானே?" என்றாள் அக்கா.

"ஒரு வேலை இருக்கு. நீ போ, வந்துடறேன்."

"இன்னிக்குமாடா?" அவள் முகத்தில் வந்த வெறுப்பு அவனுக்குப் பழக்கமான ஒன்றுதான். கண்ணாடியில் தினமும் பார்ப்பது.

மதியக் காட்சியில் மொத்தம் பதினொரு பேர் இருந்தார்கள். இடைவேளையில் அவன் எழுந்திருக்காததை வாசலில் நின்றிருந்த டிக்கெட் கிழிப்பவர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். இரண்டாம் பாதி முதல் பாதியை விட மோசம். நாலாவது ஆள் ரோஜாத் தோட்டத்தில் விஷ முள் குத்திச் செத்தான். ஐந்தாவது ஆள் பேத்தியின் சைக்கிளிலேயே துரத்தப்பட்டான். இயக்கியவனுக்கு மூளை என்று ஒன்று இருந்து அதை யாரோ கழற்றி வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு சாவுக்கும் அவன் விரல் தானாக மடங்கியது. ஆறாவது ஆளுக்கு அடுத்த கையின் கட்டைவிரல்.

பிறகு கடைசிப் பத்து நிமிடம். யாரோ வேறு ஆள் வந்து எடுத்தது போல் இருந்தது. பழிவாங்க வந்தவன் இடுப்பில் துப்பாக்கியோடு ஒரு தெருவுக்குள் நுழைகிறான். மழை இல்லை. ஏழாவது ஆளின் வீட்டுக்கு வெளியே நிறையச் செருப்புகள். மூன்று நாளாக நெஞ்சுச் சளி, காலையில் போய்விட்டார் என்கிறார்கள். அவன் வாசலில் நிற்கிறான். ஒரு பெண், அழுத முகத்தோடு, நீங்க அவருக்கு யாரு என்று கேட்கிறாள். அவன் பதில் சொல்வதற்குள் அவளே ஒரு நாற்காலியை விரித்துப் போடுகிறாள். துப்பாக்கி குத்துவதால் அவனால் நேராக உட்கார முடியவில்லை. ஒருபக்கமாகச் சாய்ந்து உட்காருகிறான். அவ்வளவுதான். பெயர்கள் ஓடத் தொடங்கிவிட்டன.

விளக்கு வந்தது. பத்துப் பேரும் போய்விட்டார்கள். துடைப்பத்தோடு ஒரு பெண் பின்வரிசையிலிருந்து பெருக்கிக்கொண்டே இறங்கி வந்தாள். சோளப்பொரியும் காகிதக் குவளைகளும் சரசரவென்று அவளுக்கு முன்னால் ஓடின.

"சார், காலு."

அவன் இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டான். அவள் அடியில் பெருக்கிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள், அப்புறம் அதற்கடுத்த வரிசைக்கு. கதவோரம் குப்பையை அள்ளிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். அவன் இன்னும் கால்களைக் கீழே வைக்கவில்லை.