ராணி கொளுத்திய ஊர்

ஸ்வீடனின் மால்மோ நகரப் பேருந்து ஓட்டுநர்களின் ஓய்வறையில் நெதிமும் ஹோகனும் வாக்குவாதத்தில் இருந்தார்கள். இருவரும் சேர்ந்து ஆடும் வீடியோ கேமின் கதையில், தன் மக்களைக் கொன்று குவித்த படையைப் பழிவாங்க, ஒரு ராணி அந்தப் படையினரின் ஊரையே கொளுத்திவிடுகிறாள். அவள் செய்தது சரியா என்பதுதான் வழக்கு.

"சரிதான்டா. வேற என்ன பண்ணுவா?" என்றான் நெதிம்.

"படையோட மோதட்டும். அந்த ஊர்ல ரொட்டி சுடறவன் என்ன பண்ணான்?"

"வேடிக்கை பார்த்தான்ல? உன் ஊரை யாரும் கொளுத்தல. அதான் உனக்கு நியாயம் பேச வருது."

நெதிம் சின்ன வயதில் பொஸ்னியப் போரிலிருந்து தாயோடு தப்பி வந்தவன்.

"தப்பா பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதடா," என்றான் ஹோகன்.

அந்தத் தணிந்த குரல், தான் சொன்னதையே நெதிமைத் திரும்ப யோசிக்க வைத்தது. அவன் வீடு எரிந்த அன்று, எரித்தவர்களின் இனத்தைச் சேர்ந்த பக்கத்து வீட்டு மிலேவா அக்காதான் அவனையும் தாயையும் தன் நிலவறையில் ஒளித்துவைத்தாள். துப்பாக்கியோடு தேடி வந்த சொந்தத் தம்பியிடமே, இங்கே யாருமில்லை என்று சாதித்தாள்.

"எங்க ஆளுங்க திரும்பி வந்து அந்தத் தெருவைக் கொளுத்தியிருந்தா, எங்களைக் காப்பாத்தின அக்காவும் வெந்திருப்பா," என்றான் நெதிம். "ராணியோட கோவம் எனக்குப் புரியுது. ஆனா அவ கொளுத்தியிருக்கக் கூடாதுடா."

ஹோகன் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"எந்த அக்கா? நீ சொன்னதே இல்லையே."

நெதிம் சொல்லத் தொடங்கினான்.